வேணும் என்பதிலிருந்து விசுவாசம் வரை: தினசரிச் செபத்தின் வரலாறு

1544ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். பெற்றவர் அதே கடற்கரையில் அவருடன் பணியாற்றிய பிரான்சிஸ்கோ மான்சிலாஸ். அக்கடிதத்தில் ஒரு சிறு மொழித்திருத்தம் இடம்பெற்றிருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தின் தமிழ் வடிவத்தில் 'எனக்கு வேணும்' என்று வரும் இடத்தில் இனி 'விசுவாசம்' என்ற சொல்லை வைத்துச் சொல்லவேண்டும் என்று சவேரியார் அறிவுறுத்துகிறார். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருள், 'விசுவாசம்' என்பதே நம்புகிறேன் என்பதற்கு உரிய சொல் என்று அவர் காரணமும் கூறுகிறார்.

தமிழ் படித்த நமக்கு இத்திருத்தம் முதலில் புன்னகையை வரவழைக்கும். 'கடவுளை நம்புகிறேன்' என்று அறிக்கையிடுவதற்குப் பதிலாக, 'கடவுள் எனக்கு வேணும்' என்று பரதவ மக்கள் சிலகாலம் சொல்லியிருக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும். ஆனால் புன்னகைக்குப் பின் ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் நாள்தோறும் இறைவனை நெருங்க முயல்வது எந்தச் சொல்லில் தொடங்குகிறது? நம்பிக்கை நிறைந்தபின் வழக்கம் வருகிறதா, வழக்கம் ஊறியபின் நம்பிக்கை வருகிறதா? கிறித்தவ மரபில் தினசரிச் செபம் உருவான வரலாற்றை இக்கேள்வியோடு சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

*

இடைவிடாமல் செபிக்கவேண்டும் என்பது பவுல் அடிகள் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தில் காணப்படும் கட்டளை. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. உழுகிறவனும் வலை வீசுகிறவனும் பிள்ளைக்குப் பாலூட்டுகிறவளும் எவ்வாறு இடைவிடாமல் செபிப்பது? அந்தக் கட்டளையை மனிதர் தாங்கக்கூடிய ஓர் அளவுக்குள் கொண்டுவரும் முயற்சிகளின் தொடர்ச்சியே கிறித்தவச் செபத்தின் வரலாறு எனலாம்.

முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் 'திதாக்கே' என்னும் சிறுநூல், இயேசு கற்பித்த செபத்தை நாளொன்றுக்கு மூன்றுமுறை சொல்லுமாறு பணிக்கிறது. தானியேல் மூன்றுவேளை முழந்தாளிட்டதாகக் கூறும் யூத மரபின் தொடர்ச்சி இது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களுக்குச் சென்ற துறவியரோ அளவையே துறக்க முயன்றனர். இரவும் பகலும் சங்கீதங்களை ஓதினர். அவர்களுள் ஒருவரான எவாக்ரியுஸ் (மறைவு 399) எழுதிய குறிப்புகளே அம்முயற்சியின் விலை என்ன என்பதையும் நமக்குச் சொல்கின்றன. நண்பகலில் துறவியைப் பற்றும் ஒரு சோர்வை அவர் விவரிக்கிறார். கதிரவன் நகர்வதே இல்லை என்று தோன்றும்; பகல் ஐம்பது மணிநேரம் நீள்வதுபோல் இருக்கும்; துறவி அடிக்கடி சாளரத்தைப் பார்ப்பார்; யாரேனும் வருகிறார்களா என்று எட்டிப்பார்ப்பார்; இந்த இடமும் இந்த வாழ்வும் வெறுத்துப்போகும். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த விவரிப்பை இன்று வாசிப்பவர் எவரும், தம் அறைக்குள் யாரோ எட்டிப்பார்த்து எழுதியதுபோல் உணர்வர்.

இந்தச் சோர்வை நன்கறிந்தவர் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆசீர்வாதப்பர். தமிழ்க் கத்தோலிக்கர் இவ்வாறு வழங்கும் பெனடிக்ட், தம் மடத்தாருக்காக எழுதிய ஒழுங்குநூலில் பகலில் ஏழுமுறையும் இரவில் ஒருமுறையும் கூடிச் செபிக்க வகுத்தார். நூற்றைம்பது சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் முடிக்கவேண்டும் என்றார். முன்னோர் ஒரே நாளில் முடித்ததை நாம் ஒரு வாரத்திலேனும் முடிப்போம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். தம் காலத்தவரின் வலுக்குறைவை மறைக்காமல், அதை ஒழுங்கின் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டார். உடலுழைப்புக்கு ஒரு நேரம், வாசிப்புக்கு ஒரு நேரம், கோடையில் உணவுக்குப்பின் படுத்து ஓய்வெடுக்கவும் ஒரு நேரம் என்று பகிர்ந்தளித்தார்.

அந்நூலில் நம்மைக் கவரும் ஒரு சிறு விதி உண்டு. இரவு வழிபாட்டின் தொடக்கத்தில் வரும் சங்கீதத்தை மிகவும் இழுத்து, மெதுவாகச் சொல்லவேண்டும் என்கிறார். காரணம், உறக்கத்திலிருந்து எழுந்து பிந்தி வருகிறவர் அதற்குள் வந்து சேர்ந்துவிடலாம் என்பதே. ஒழுங்கை வகுக்கும்போதே, அதில் தவறப்போகிறவருக்கான இடத்தையும் விட்டுவைத்த அறிவு இது. பதினைந்து நூற்றாண்டுகளாக அந்த ஒழுங்கு நிலைத்திருப்பதற்கு அதன் கடுமை மட்டும் காரணமன்று. இந்த இரக்கமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

*

மடத்திற்கு வெளியே வாழ்வோருக்கு என்ன வழி? பதினாறாம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு இரு முனைகளிலிருந்து விடை வந்தது. இரண்டும் பின்னர்த் தமிழ்க் கடற்கரையை வந்தடைந்தன என்பது நோக்கற்பாலது.

முதலாவது விடை இஞ்ஞாசியாருடையது. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவரது 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூல், தன்னைத்தான் ஆராயும் ஒரு தினசரி முறையை வகுக்கிறது. எந்தக் குறையை விலக்க விரும்புகிறோமோ அதைக் காலையில் எழுந்தவுடன் நினைவில் கொள்ளவேண்டும். நண்பகல் உணவுக்குப்பின் ஒருமுறையும் இரவு உணவுக்குப்பின் ஒருமுறையும் கணக்குப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் வரைந்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்கவேண்டும். முற்பகலையும் பிற்பகலையும், நேற்றையும் இன்றையும், சென்ற வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடவேண்டும். வணிகரின் பேரேட்டைப்போல் தோன்றும் இம்முறைக்குள் ஒரு நுட்பம் உள்ளது. நல்லவனாக வேண்டும் என்று பொதுவாக விரும்புவதை விட்டுவிட்டு, ஒரேயொரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அது.

இரண்டாவது விடை மார்ட்டின் லூத்தருடையது. 1529இல் வெளிவந்த அவரது சிறிய ஞானோபதேசம், வீட்டிலுள்ளோர் காலையிலும் இரவிலும் செய்யவேண்டியதை மிகச் சுருக்கமாகக் கூறுகிறது. எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், ஒரு சிறு மன்றாட்டு. அதன்பின் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகவேண்டும். இரவிலும் அவ்வாறே செபித்து, உடனே உறங்கிவிடவேண்டும்.

1535இல் பேத்தர் என்னும் தம் முடிதிருத்துநருக்காக லூத்தர் ஒரு சிறுநூல் எழுதினார். எவ்வாறு செபிப்பது என்று அவர் கேட்டதற்கு விடையாக அமைந்த நூல் அது. நல்ல முடிதிருத்துநர் தம் கண்ணையும் கருத்தையும் கத்தியின்மேல் வைத்திருப்பார். பேச்சிலோ வேறு எண்ணத்திலோ மூழ்கினால் வாடிக்கையாளரின் மூக்கையோ கழுத்தையோ வெட்டிவிடுவார். செபமும் அதுபோலவே முழுக் கவனத்தைக் கேட்கிறது என்று அவரது தொழிலைக்கொண்டே விளக்கினார். கற்பித்த செபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மெதுவாக எடுத்துத் தன் சொற்களில் விரிக்கச் சொன்னார். அவ்வாறு செபிக்கையில் உள்ளத்தில் ஒரு நல்ல எண்ணம் ஊற்றெடுத்தால், மற்ற வாய்பாடுகளை விட்டுவிட்டு அமைதியாக அதைக் கேளுங்கள் என்றும் சொன்னார்.

இவ்வரலாற்றின் கசப்பான பகுதியையும் சொல்லியாகவேண்டும். நூல் வெளிவந்த அதே 1535ஆம் ஆண்டின் ஈஸ்டர் காலத்தில், பேத்தர் குடிபோதையில் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். லூத்தர் உள்ளிட்டோர் பரிந்துபேசியதால் உயிர்த்தண்டனையிலிருந்து தப்பினாலும், உடைமைகளை இழந்து ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. செபத்தைப் பற்றிய மிக இனிய நூல்களுள் ஒன்று யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கையிலேயே இரத்தம் படிந்தது. நல்ல வழிமுறை ஒருவரை நல்லவராக்கிவிடும் என்ற உறுதியை வரலாறு நமக்குத் தருவதில்லை. ஆயினும் விழுந்த பேத்தரைக் கைவிடாமல் அவருக்காக மன்றாடப் போனவர், செபிக்கக் கற்பித்த அதே மனிதர்தாம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

*

இனி நம் கடற்கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் நடுப்பகுதியில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அரசியல் நெருக்கடியில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடியதோடு இணைந்து நிகழ்ந்தது அது. திருமுழுக்குக் கொடுக்கப்பட்டதே தவிர, செபிக்கக் கற்பிப்பார் ஏறக்குறைய இல்லை. 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சவேரியார் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டிவைத்து, பல நாட்கள் உழைத்து, அடிப்படைச் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார்.

அதன்பின் அவர் செய்ததை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தாமே விவரிக்கிறார். கையில் மணியோடு ஊர்த்தெருவில் நடந்து சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்ற சிறுவர் தம் தாய்தந்தையருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிறுதோறும் ஊரார் கூடி, ஒவ்வொரு விசுவாசக் கூற்றையும் அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வர். நம்புகிறீர்களா என்று கேட்டால், மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து ஆம் என்பர். நோயுற்றோர் வீடுகளுக்குச் சவேரியாருக்குப் பதிலாகச் சிறுவர்களே சென்று செபம் சொன்னார்கள். ஓர் ஊரைவிட்டுப் புறப்படும்போது செபங்களின் படி ஒன்றை அங்கே விட்டுச்செல்வார். எழுதத் தெரிந்தவர் படியெடுத்துக்கொள்ள, மற்றவர் மனப்பாடம் செய்து நாள்தோறும் சொல்லவேண்டும்.

இஞ்ஞாசியாரின் நெருங்கிய தோழர் சவேரியார். 1534இல் பாரிசில் உடன்நின்று வாக்குறுதி எடுத்தவர். கோடும் புள்ளியும் இட்டு அகத்தை ஆராயும் பயிற்சியில் ஊறியவர். ஆனால் விடியுமுன் கடலுக்குள் போகும் மக்களிடம் அவர் அதை எடுத்துவரவில்லை. மணி, சிறுவர், திருப்பிச் சொல்லுதல் என்ற மூன்று எளிய கருவிகளோடு வந்தார். ஒவ்வோர் ஊரிலும் செபத்தை முன்னின்று நடத்தக் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களுக்கான ஊதியத்திற்கு, போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கடற்கரையிலிருந்து சென்ற தொகையை விட்டுக்கொடுக்குமாறு கேட்டுப் பெற்றார் என்பதும் வரலாறு.

சொற்கள் சரியாக இருந்தனவா? இருக்கவில்லை என்பதற்கு 'வேணும்' சான்று. அவற்றைச் சரியாக்கும் பணி அடுத்து வந்தவர்களிடம் சேர்ந்தது. 1554இல் லிஸ்பன் நகரில் வின்சென்ட் டி நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா தா குருஸ் என்ற மூன்று தமிழ்க் கிறித்தவர் உருவாக்கிய செபநூல் அச்சானது. அதில் தமிழ்ச்சொற்கள் உரோமன் எழுத்தில் இடம்பெற்றன. 1546இல் இந்தியா வந்த அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவரது 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அதைக் கொண்டாடுகிறோம். அந்நூல் செபங்களைக் கற்பிக்கும் கைப்புத்தகம் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. தமிழ் எழுத்து அச்சுக்குள் நுழைந்தது ஒரு தினசரிப் பழக்கத்தின் தேவைக்காகவே.

அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1580இல் வெளிவந்த 'கொம்பெசியனாயரு' பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் நூல். திருப்பிச் சொல்லக் கற்றவர்களைத் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கக் கற்பிக்கும் முயற்சி அது. சவேரியார் விட்டுவைத்த இஞ்ஞாசியாரின் அகச்சோதனை, ஒரு தலைமுறைக்குப்பின் தமிழில் இவ்வாறு நுழைந்தது. மணியோசையில் தொடங்கியது மனச்சான்றுக்கு வந்துசேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

*

லூத்தரின் விடை 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கியது. சீகன்பால்கு தம்முடன் கொண்டுவந்தது லூத்தரின் ஞானோபதேசத்தை மட்டுமன்று. ஹாலே நகரின் பக்தி இயக்கத்தையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு விசுவாசியும் வேதத்தைத் தாமே வாசிக்கவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் உயிர்நாடி. ஆகவே ஞானோபதேசம் தமிழானதோடு நில்லாமல், 1715இல் புதிய ஏற்பாடும் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழில் வெளிவந்தது. செவியால் கேட்டு வாயால் சொல்லும் வழக்கத்தோடு, கண்ணால் வாசிக்கும் வழக்கமும் சேர்ந்தது. பள்ளிக்கூடமும் செபக்கூடமும் அக்கம்பக்கமாக எழுந்ததன் காரணம் இதுவே.

அதே பக்தி இயக்கத்தின் மற்றொரு கிளை ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் தழைத்தது. 1728 மே மாதம் சின்சென்டார்ப் பிரபு அச்சபையாருக்கு மறுநாளுக்கென ஒரு சிறு வாசகத்தைக் கொடுத்தார். நாளுக்கொரு வாசகம் என்று அது வழக்கமாகி, 1731 முதல் ஆண்டுதோறும் நூலாக அச்சிடப்பட்டு வருகிறது. அச்சபையாரும் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்குமேல் அங்கே வாழ்ந்தனர். இன்று தமிழ்க் கிறித்தவ இல்லங்களின் சுவர்களில் நாள்காட்டித் தாளில் ஒரு வசனம் தொங்குவதைக் காணும்போது, நாளுக்கொரு சொல் என்ற அந்தப் பழைய எண்ணத்தை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

எனினும் இவையெல்லாம் தமிழில் வேர்பிடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நாள்தோறும் ஓதுதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. வைணவ இல்லங்களில் நித்தியானுசந்தானமும், சைவ இல்லங்களில் திருமுறை ஓதலும் கிறித்தவம் வருமுன்பே இருந்தவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி, கும்மி, ஏற்றப்பாட்டு எனத் தமிழர் அறிந்த வடிவங்களிலேயே பாடியது இதனாலேயே பொருள்மிக்கதாகிறது. ஏற்றம் இறைப்பவர் சால்களை எண்ணிப் பாடும் பாட்டின் வடிவில் ஞானப்பாட்டு வரும்போது, செபத்திற்கென்று தனி நேரம் ஒதுக்க இயலாத உழைப்பாளியின் வேலைநேரமே செபநேரமாகிவிடுகிறது. பவுல் அடிகளின் இடைவிடாமை ஏற்றக்காலின் அசைவில் ஒரு வழி கண்டுகொண்டது எனலாம். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, தம் 'இரட்சணிய யாத்திரிக'த்தின் (1894) இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே பக்திப்பாடல்களை அமைத்தார். பிறந்த வீட்டில் கேட்ட ஓதலின் நாவு, புகுந்த வீட்டிலும் மாறவில்லை.

1950இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், மொன்ஷானென் அடிகளும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான லெ சோ அடிகளும் சாந்திவனத்தைத் தோற்றுவித்தனர். 1968இல் அங்கு வந்த பீட் கிரிபித்சும் அதே சபையைச் சேர்ந்தவரே. நாளுக்கு மூன்றுமுறை கூடிச் செபிப்பதும், ஆரத்தியும், பிற சமய நூல்களின் வாசிப்பும் அங்கே வழிபாட்டின் பகுதிகளாயின. ஐரோப்பிய மடத்தின் பழைய மணி, காவிரிக் கரையின் விடியலுக்கேற்ப அடிக்கக் கற்றுக்கொண்டது.

*

இவ்வரலாற்றிலிருந்து, இறைவனை நாள்தோறும் நெருங்க விரும்பும் ஒரு கிறித்தவர் பெறக்கூடியது என்ன? நாம் காண்பவை சில. அளவு சிறிதாக இருக்கவேண்டும்; நிலைத்தவை யாவும் குறைக்கப்பட்ட அளவுகளே. சொற்கள் முதலில் கடனாகவே கிடைக்கும். அதில் வெட்கம் இல்லை. ஒரே குறையை எடுத்துப் போராடுவது எல்லாக் குறைகளையும் எண்ணி மலைப்பதைவிட மேல். தனியே தொடர முடியாததை வீட்டாரோடும் ஊராரோடும் தொடரலாம். தவறுகிற நாட்கள் வரும். அந்நாட்களுக்கென்றே முதல் சங்கீதம் மெதுவாகச் சொல்லப்படுகிறது.

வெறும் வாய்ப்பாடாகப் போய்விடாதா என்ற ஐயம் நியாயமானது. பேத்தரின் கதை அந்த ஐயத்தை ஆழமாக்குகிறது. ஆனால் நம் மொழி இவ்விடத்தில் ஒன்றைச் சொல்கிறது. செபம் என்ற சொல் ஜபம் என்ற வடசொல்லின் வழிவந்தது; திரும்பத் திரும்ப மென்குரலில் சொல்வது என்பதே அதன் பொருள். திருப்பிச் சொல்லுதல் செபத்தின் குறையன்று, அதன் பெயரே அதுதான். செபத்திற்குத் தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு: வேண்டுதல்.

வேண்டும் என்பதன் பேச்சு வடிவம் வேணும். சவேரியார் மாற்றச் சொன்ன அந்தச் சொல்லும் வேண்டுதல் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பிரமாணத்தின் மொழிபெயர்ப்பு என்ற அளவில் அவரது திருத்தம் சரியானது. விசுவாசம் என்ற சொல்லே இன்றளவும் நின்றுவிட்டது. ஆனால் அதற்குமுன் மார்பில் கைகளைக் குறுக்கே வைத்து, கடவுள் எனக்கு வேணும் என்று ஞாயிறுதோறும் சொன்ன அம்மக்கள் பொய்யேதும் சொல்லிவிடவில்லை. நம்புகிறேன் என்று முழுமனதோடு சொல்ல இயலாத காலைகள் நம்மில் பலருக்கும் உண்டு. அந்தக் காலைகளில் சொல்வதற்கு அந்தப் பழைய பிழைச்சொல் இன்னும் நம்மிடம் இருக்கிறது.